மகனுக்குக் கொடுத்த வாக்கு



தம் பிள்ளைகள் தம்மைவிட உயர்ந்த நிலைக்கு வரவேண்டும் என்று விரும்பாத பெற்றோர் இவ்வுலகில் இல்லை. தந்தை வைத்தியராயின் மகனும் வைத்தியனாக வேண்டும் என்றும், தாய் ஆசிரியையாயின் மகள் அதிபராக வேண்டும் என்றும் நாம் கனவு காண்கின்றோம். தந்தை நடந்த பாதையில் மகன் அடியெடுத்து வைக்கும் நாளில் குடும்பமே பெருமை கொள்கின்றது. ஆனால், தந்தைக்குப் பெயரும் புகழும் தேடித்தந்த அதே பாதை மகனை அசைய முடியாதவனாகப் படுக்கையில் வீழ்த்துமானால், அத்தந்தையின் உள்ளம் என்ன பாடுபடும்? அதன்பின் அவர் எஞ்சிய வாழ்நாளை எவ்வாறு வாழ்வார்?

இக்கேள்விக்குத் தம் வாழ்வினாலேயே பதில் சொன்ன ஒருவரை இவ்வாரம் உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகின்றோம். அவர் பெயர் நிக் புவோனிகொன்டி. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் லைன்பெக்கர் என்னும் நிலையில் 14 பருவங்கள் விளையாடியவர்.

மோதலே தொழிலாக

அமெரிக்க உதைபந்தாட்டம் என்றவுடன் நம் ஊர்களில் மாலை வேளைகளில் பிள்ளைகள் விளையாடும் உதைபந்தாட்டத்தை நினைத்துவிடாதீர்கள். அது றகர் விளையாட்டுக்கே நெருங்கிய உறவுடையது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியபடி எதிரணியின் எல்லையை நோக்கி ஓட வேண்டும். அல்லது முன்னே ஓடும் தம் வீரருக்கு எறிய வேண்டும். ஒவ்வோர் அணியிலும் ஒரே வேளையில் 11 பேர் களத்தில் நிற்பர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் வழங்கப்படும். அவற்றுக்குள் 10 யார் தூரம் முன்னேற வேண்டும். முன்னேறவிடாமல் மறிப்பதே மற்றைய அணியின் கடமை.

மறிக்கும் அணியின் முதல் வரிசையில் பெரும் உடல் வலிமை வாய்ந்தோர் குனிந்து நிற்பர். அவர்களுக்குச் சற்றுப் பின்னால் நிற்பவரே லைன்பெக்கர். முதல் வரிசையைத் தாண்டி வருபவரை அவர் வீழ்த்த வேண்டும். குறுகிய தூரத்திற்கு எறியப்படும் பந்தைத் தடுக்க வேண்டும். வாய்ப்புக் கிடைத்தால் பந்தெறிபவர் மீதே பாய வேண்டும். நடுவில் நிற்கும் லைன்பெக்கருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. எதிரணி என்ன செய்யப்போகின்றது என்பதை ஒரு கணத்தில் கணித்துத் தம் அணியினருக்குச் சைகையாலும் குரலாலும் கட்டளையிடுபவர் பெரும்பாலும் அவரே. வீட்டுக்குக் காவலாளி போன்றும் படைக்குத் தளபதி போன்றும் ஒருங்கே நிற்பவர் எனலாம்.

இந்நிலைக்கு வருவதற்கு அமெரிக்காவில் வகுக்கப்பட்ட பாதை ஒன்றுண்டு. வெள்ளிக்கிழமை மாலைகளில் உயர்தரப் பாடசாலைக்காக விளையாடுவர். அதில் சிறந்தோர் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக அணிக்காக விளையாடுவர். அவர்களிலும் மிகச் சிலரே ஞாயிற்றுக்கிழமைகளில் தொழில்முறை லீக்கில் களமிறங்குவர். பல்கலைக்கழக வீரர்களில் நூற்றுக்கு இருவர்கூட இந்த மூன்றாம் படியை எட்டுவதில்லை. எட்டியவர்களிலும் பலருடைய தொழில்வாழ்வு நான்கு வருடங்களுக்குள் முடிந்துவிடுகின்றது. காயமோ, வயதோ, புதிதாக வரும் இளைஞனோ அவர்களை வெளியே அனுப்பிவிடுவது வழக்கம்.

பேக்கரி வீட்டுப் பிள்ளை

நிக் புவோனிகொன்டி 1940ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் திகதி மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் பிறந்தார். இத்தாலிய வம்சாவழிக் கத்தோலிக்கக் குடும்பம். உறவினர் பேக்கரி நடத்திப் பிழைத்தவர்கள். நகரின் கத்தோலிக்க உயர்தரப் பாடசாலையில் கற்ற அவர், அங்கிருந்து இந்தியானா மாநிலத்தின் நொத்ர டாம் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1842ஆம் ஆண்டு திருச்சிலுவைச் சபைத் துறவிகளால் நிறுவப்பட்டு, அன்னை மரியாளின் பெயரைத் தாங்கி நிற்கும் கல்விக்கூடம் அது. அதன் தங்கக் குவிமாடத்தின் உச்சியில் அன்னையின் திருவுருவம் நிற்கின்றது.

நொத்ர டாமின் உதைபந்தாட்ட அணி நாடெங்கும் பெயர் பெற்றது. ஆயினும் நிக் அங்கே விளையாடிய காலம் அவ்வணிக்குப் பொற்காலமன்று. 1960இல் ஆடிய 10 போட்டிகளில் எட்டில் தோல்வி. இறுதி ஆண்டான 1961இல் அவர் அணியின் இணைத் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். களத்தில் அவர் காட்டிய வேகத்தை எவரும் மறுக்கவில்லை. ஆனால் தொழில்முறை அணிகளின் தேர்வாளர்கள் அவருடைய உயரத்தைப் பார்த்தனர். 5 அடி 11 அங்குலம். எடை சுமார் 220 இறாத்தல். நம் கண்களுக்குப் பெரிய உருவமே. அவ்விளையாட்டின் அளவுகோலில் சிறியவர்.

தேசிய உதைபந்தாட்ட லீக் அணிகள் ஒன்றேனும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்குப் போட்டியாக அந்நாளில் இயங்கிய அமெரிக்க உதைபந்தாட்ட லீக்கில், 1962ஆம் ஆண்டு, 13ஆவது சுற்றில், 102ஆவது ஆளாக பொஸ்டன் பேட்ரியட்ஸ் அணி அவரை எடுத்தது. நம்பிக்கையோடு எடுக்கப்பட்டவர் என்று சொல்வதற்கில்லை.

வாசகர்களே, தேர்வில் பின்தள்ளப்பட்ட பிள்ளை நம் வீட்டில் இருந்தால் நாம் என்ன சொல்கின்றோம்? அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளிகளை எடுத்துக்காட்டி அதன் மனத்தை மேலும் புண்படுத்துகின்றோம் அல்லவா? 102ஆவது ஆளாக உள்ளே வந்த இவ்விளைஞரோ, அந்த லீக்கின் நட்சத்திரப் போட்டிக்கு ஆறு தடவைகள் தெரிவானார். அந்த லீக்கின் வரலாற்றில் சிறந்தோர் என்று வகுக்கப்பட்ட அணியிலும் இடம்பெற்றார்.

அவர் செய்த இன்னொரு காரியம் நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது. விளையாட்டு என்றும் சோறு போடும் என்று அவர் எண்ணியிருக்கவில்லை. பகலில் பயிற்சி, இரவில் சட்டக் கல்வி என்று பொஸ்டன் நகரின் சபொக் பல்கலைக்கழகத்தில் படித்து 1968ஆம் ஆண்டு சட்டப் பட்டம் பெற்றார். உடல் தளர்ந்த பின்னும் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதை உடல் உறுதியாக இருந்தபோதே உணர்ந்தவர் அவர்.

பெயரற்றவர்களின் தலைவன்

1969ஆம் ஆண்டு பேட்ரியட்ஸ் அணி அவரை மியாமி டொல்பின்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. டொல்பின்ஸ் அப்போது தோல்விகளுக்குப் பழகிப்போன இளம் அணி. அவ்வருடம் வென்றது மூன்றே போட்டிகள். மறு வருடம் டொன் ஷூலா பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். நாள்தோறும் திருப்பலியில் பங்குபற்றும் வழக்கமுடைய கத்தோலிக்கர், ஒழுங்கில் கண்டிப்பானவர். அவருடைய கையில் அணி மாறத் தொடங்கியது.

1971ஆம் ஆண்டுப் பருவத்தின் முடிவில் சுப்பர் போல் என்னும் இறுதிப் போட்டி வரை டொல்பின்ஸ் வந்துவிட்டது. அதற்கு முன்னதாக எதிரணியான டலஸ் கவ்போய்ஸின் பயிற்றுநர், மியாமியின் தடுப்பு வீரர்களின் பெயர்கள் தமக்கு நினைவில் இல்லை என்னும் பொருள்படப் பேசினார். அன்றிலிருந்து 'பெயரற்ற தடுப்பணி' என்பதே அவர்களுடைய பெயராயிற்று. அப்போட்டியில் அவர்கள் 24க்கு 3 என்று தோற்றனர்.

தோல்வியைச் சுமந்துகொண்டு வீடு திரும்பியவர்கள் அடுத்த பருவத்தில் செய்தது வரலாறு. 1972ஆம் ஆண்டின் 14 லீக் போட்டிகளிலும் வெற்றி. தொடர்ந்த இரண்டு விலகல் போட்டிகளிலும் வெற்றி. 1973 ஜனவரி 14ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 90,000இற்கும் அதிகமானோர் முன்னிலையில் நடந்த இறுதிப் போட்டியில் வொஷிங்டன் அணியை 14க்கு 7 என்று வென்றனர். இரண்டாம் காற்பகுதியில் எதிரணி எறிந்த பந்தை நடுவில் பாய்ந்து பறித்து 32 யார் தூரம் ஓடி, வெற்றிக்கான இரண்டாவது கோட்டுக்கு வழிதிறந்தவர் நிக் புவோனிகொன்டியே. மொத்தம் 17 போட்டிகள், 17 வெற்றிகள். தோல்வியோ சமநிலையோ இன்றி ஒரு பருவம் முழுவதையும் முடித்துக் கிண்ணமும் வென்ற அணி அந்த லீக்கின் வரலாற்றில் அது ஒன்றே.

அடுத்த பருவத்திலும் கிண்ணம் அவர்களுக்கே கிடைத்தது. 1973இல் மட்டும் நிக் 162 தடவைகள் எதிரணியினரை மறித்து வீழ்த்தினார். அன்றைய நாளில் அது அணியின் சாதனை. 1976ஆம் ஆண்டுப் பருவத்தோடு அவர் களத்தை விட்டு வெளியேறினார்.

வெளியேறியவர் ஓய்ந்திருக்கவில்லை. சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தார். விளையாட்டு வீரர்களின் முகவராக இருந்தார். தொலைக்காட்சியில் இருபது வருடங்களுக்கு மேலாக உதைபந்தாட்ட நிகழ்ச்சி ஒன்றை இணைந்து நடத்தினார். வாயில் அடக்கும் புகையிலையைத் தயாரிக்கும் பெரும் நிறுவனம் ஒன்றின் தலைவராகவும் உயர்ந்தார். அப்பொருளால் வாய்ப் புற்றுநோய் வரும் என்று வைத்தியர்கள் எச்சரித்த வேளையில், அதற்குச் சார்பாகப் பொதுமக்கள் முன் பேசியவர் அவர். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாம் பேசுவது பீடத்தில் ஏற்றப்பட்ட புனிதரைப் பற்றியன்று. நம்மைப்போல் சரியும் பிழையும் கலந்த ஒரு மனிதரைப் பற்றியே.

1985 ஒக்டோபர் 26

அவருடைய மகன் மார்க் தந்தையின் பாதையையே தேர்ந்துகொண்டார். தென் கரோலினாவின் சிட்டடெல் இராணுவக் கல்லூரி அணியில் தந்தையைப் போலவே லைன்பெக்கராக நின்றார். வயது 19.

1985 ஒக்டோபர் 26ஆம் திகதி, ரெனசி மாநிலத்தில் ஒரு போட்டி. பந்தை ஏந்தி வந்த எதிரணி வீரரை மறிக்க மார்க் பாய்ந்தார். தந்தை தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான தடவைகள் செய்த அதே செயல். அந்த ஒரு தடவை, தலைக்கவசம் அணிந்த தலை எதிராளியின் உடலில் மோதிய விதத்தில், கழுத்தென்புகளில் மூன்றாவதும் நான்காவதும் விலகின. முண்ணாண் நசுங்கியது. மார்க் விழுந்தார், எழவில்லை. தோளுக்குக் கீழே உடல் முழுவதும் உணர்வற்றுப் போயிற்று. சுவாசிப்பதற்கும் கருவியின் துணை தேவைப்பட்டது.

செய்தி கேட்டு ஓடிவந்த தந்தை, கட்டிலில் குழாய்கள் சூழக் கிடந்த மகனைக் கண்டார். எத்தனையோ பேரைத் தரையில் வீழ்த்திய வலிமையான கைகள், தம் பிள்ளையைத் தூக்கி நிறுத்த வலிமையற்று நின்றன. பணம் இருந்தது, புகழ் இருந்தது, நாட்டின் பெரியவர்களுடைய அறிமுகம் இருந்தது. ஒன்றும் அந்தக் கழுத்தென்புகளைப் பழைய இடத்திற்குக் கொண்டுவரவில்லை. அந்நாட்களில் முண்ணாண் துண்டிக்கப்பட்டோருக்கு வைத்திய உலகம் சொல்லிவந்த பதில் ஒன்றுதான்: இனிச் செய்வதற்கு எதுவுமில்லை.

அவ்விடத்திலேதான் தந்தை மகனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். மகன் மீண்டும் எழுந்து நடப்பதற்குத் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்வேன் என்பதே அவ்வாக்கு.

கூரையைப் பிரித்தவர்கள்

மாற்கு நற்செய்தியில் வரும் முடக்குவாதமுற்றவரை நீங்கள் அறிவீர்கள். அவரால் தாமாக வர இயலாது. வாசலோ கூட்டத்தால் அடைபட்டிருந்தது. அவரைச் சுமந்து வந்த நால்வரும் திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்து அவரைக் கட்டிலோடு கீழே இறக்கினர்.

மூடிய வாசலின் முன் நின்ற நிக் புவோனிகொன்டியும் திரும்பிப் போகவில்லை. மியாமிப் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் பார்த் கிறீன் அவர்களுடன் இணைந்து, அதே 1985ஆம் ஆண்டில், முடக்குவாதத்தைக் குணப்படுத்துவதற்கான மியாமித் திட்டம் என்னும் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். 1992இல் அதற்கென நிதியம் ஒன்றும் நிறுவப்பட்டது. நியூயோர்க் நகரில் வருடந்தோறும் விளையாட்டு உலகின் பெரியோரை அழைத்து விருந்து வைத்து நிதி திரட்டினார். தம் பெயரையும் செல்வாக்கையும் இதற்காகவே செலவிட்டார். கேட்பதற்கு வெட்கப்படவில்லை. மூன்று தசாப்தங்களில் திரண்ட தொகை 500 மில்லியன் டொலர்களுக்கு மேல் என்று கூறப்படுகின்றது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். மார்க் சுவாசக் கருவியிலிருந்து விடுபட்டுத் தாமாகச் சுவாசிக்கக் கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தந்தையுடன் அப்பணியில் இணைந்து அந்நிலையத்தின் தலைவராகவும் பொறுப்பேற்றார். நரம்பிழைகளைச் சூழ்ந்து காக்கும் ஒருவகைக் கலங்களை நோயாளியின் உடலிலிருந்தே எடுத்துப் பெருக்கி, காயமுற்ற முண்ணாணில் செலுத்திப் பார்க்கும் முதற்கட்டப் பரிசோதனைக்கு 2012இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

2007ஆம் ஆண்டு செப்டெம்பரில் பபலோ பில்ஸ் அணியின் கெவின் எவரெட் என்னும் வீரர் களத்தில் கழுத்தில் காயமுற்று அசைவற்றுக் கிடந்தார். இந்நிலையத்தினர் ஆய்வு செய்துவந்த உடலைக் குளிரூட்டும் முறையை அறிந்திருந்த வைத்தியர் ஒருவர் உடனே அதைக் கையாண்டார். எவரெட் சில மாதங்களில் நடந்தார். குளிரூட்டியதே அதற்குக் காரணமா என்பதில் வைத்தியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும், 'செய்வதற்கு எதுவுமில்லை' என்று கைகட்டி நின்ற காலம் போய்விட்டது என்பதில் ஐயமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று பந்தை ஏந்தி ஓடிவந்த எதிரணி வீரர், தாம் எவ்விதப் பிழையும் செய்யாதிருந்தும், நெடுங்காலம் மனச்சுமையோடு வாழ்ந்தார். பல வருடங்களின் பின் அவரும் மார்க்கும் சந்தித்தனர், நண்பர்களாயினர். அசைய முடியாதவர் மற்றவரின் சுமையை இறக்கி வைத்தார்.

கன்டன் நகர மேடையில்

2001 ஓகஸ்டில் ஒஹையோ மாநிலத்தின் கன்டன் நகரில், தொழில்முறை உதைபந்தாட்டத்தின் புகழ் மண்டபத்தில் நிக் புவோனிகொன்டியின் பெயர் பொறிக்கப்பட்டது. ஒரு வீரர் எட்டக்கூடிய அதியுயர்ந்த கௌரவம் அது. அவரை அறிமுகம் செய்து பேசியவர், சக்கர நாற்காலியில் வந்த மகன் மார்க்.

அன்றைய ஏற்புரையில், தாம் பெற்ற வெற்றிகளையும் விருதுகளையும்விடத் தம் உள்ளம் ஏங்குவது தம் மகன் நடப்பதைக் காண்பதற்கே என்று தந்தை மனந்திறந்து கூறினார். 17 வெற்றிகளும் இரண்டு கிண்ணங்களும் ஒரு தட்டில். மகன் எடுத்து வைக்கும் ஓர் அடி மறு தட்டில். எது கனமானது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அழிந்துபோகும் வெற்றி வாகையைப் பற்றிப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை, அந்த மேடையைவிடத் தெளிவாக விளக்கும் இடம் வேறு உண்டோ?

கடைசிக் கொடை

ஆயினும் அந்த விளையாட்டு தந்தையையும் விட்டுவைக்கவில்லை. வயது எழுபதைத் தாண்டியபின் நிலைதடுமாறி விழத் தொடங்கினார். நினைவு மங்கியது. அன்றாடம் உடை உடுப்பதே போராட்டமாயிற்று. ஆண்டுக்கணக்கில் தலையில் விழுந்த அடிகள் மூளையை மெல்ல மெல்லச் சிதைக்கும் நோயொன்று உண்டு. இறந்தபின் மூளையை ஆய்ந்தே அதை உறுதிப்படுத்த இயலும். 2017ஆம் ஆண்டு பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 111 பேரின் மூளைகளை ஆராய்ந்தபோது 110 பேரிடம் அதைக் கண்டனர். நோய்க்குறி இருந்தோரின் குடும்பத்தினரே பெரும்பாலும் மூளையை வழங்குவதால், எல்லா வீரர்களுக்கும் இக்கணக்குப் பொருந்தாது. எனினும் அது அச்சமூட்டும் எண்ணே.

2017 நவம்பரில் நிக் புவோனிகொன்டி, தம் மரணத்தின் பின் தமது மூளையை அந்த ஆய்வுக்கு வழங்குவதாக அறிவித்தார். 2018 ஜனவரியில், தம்மைப் போன்றே லைன்பெக்கர்களாக இருந்த ஹரி கார்சன், பில் விலாபியானோ ஆகியோருடன் சேர்ந்து, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மோதல் நிறைந்த இவ்விளையாட்டில் ஈடுபடுத்த வேண்டாம் என்றும், மோதலற்ற வடிவமே அவ்வயதினருக்குப் போதும் என்றும் பெற்றோரைக் கேட்டுக்கொண்டார். தமக்கு வாழ்வளித்த விளையாட்டைப் பற்றி இவ்வாறு சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் தம் நிறுவனத்தின் பொருளுக்காகப் பேசிய அதே நாவு, இறுதிக் காலத்தில் பிறர் பிள்ளைகளுக்காகப் பேசியது.

2019 ஜூலை 30ஆம் திகதி, தமது 78ஆவது வயதில் அவர் மறைந்தார். மகன் நடப்பதை அவர் காணவில்லை. கொடுத்த வாக்கு அவர் எண்ணிய விதத்தில் நிறைவேறவில்லை. ஆனால் அவ்வாக்கின் பொருட்டு எழுந்த ஆய்வுக்கூடங்களில், முகமறியாத எத்தனையோ தந்தையரின் பிள்ளைகளுக்காக இன்றும் விளக்குகள் எரிகின்றன.

அன்பான பெற்றோரே, பிள்ளைக்கு ஒரு பாதையைக் காட்டும்போது அதன் முடிவில் இருக்கும் புகழை மட்டும் காட்டாதீர்கள்; அதன் விலையையும் சொல்லுங்கள். நாம் நடந்த பாதையாயின் அதன் முட்களை நாமே நன்கறிவோம். பிள்ளை வெல்லும்போது மைதானத்தின் ஓரத்தில் நின்று கைதட்டுவது எளிது. விழுந்த பிள்ளையின் கட்டிலருகே, பலன் கிடைக்குமோ என்று தெரியாத நிலையிலும், முப்பது வருடங்களுக்கு மேலாக விட்டகலாமல் நிற்பதே தந்தைமை.

இன்றிரவு குடும்பச் செபத்திற்காகக் கூடும்போது உங்கள் பிள்ளைகளின் முகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். இவ்வருடத் தேர்வில் பின்தங்கிய பிள்ளை அவர்களுள் இருக்கலாம். நோயுற்ற பிள்ளை இருக்கலாம். வழிதவறி வீடு திரும்பிய பிள்ளையும் இருக்கலாம். அவர்களுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய வாக்கு ஒன்று உண்டல்லவா? அதை இன்றே கொடுங்கள். நிறைவேற்றும் ஆற்றலை ஆண்டவரிடம் கேளுங்கள்.